ஞாயிறு மூன்று மணிக்குக் கூலிப்படை

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்து அரை மணி நேரமாகியும் ஒருவர்கூட ரப்பர் பால் வெட்டக் கிளம்பவில்லை. வாளிகள் தரையில் கிடந்தன. பெயர் கூப்பிட வேண்டிய மேற்பார்வையாள் மண்டோரும் பெயர் சொல்ல வேண்டிய தொண்ணூறு பேரும் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தின் முன்னால் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆபீஸ் வாசலில் நின்று, கணக்கெழுதும் கிராணி ஆம்புரோஸ் அதைப் பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை எழுதியவர் அவர்தான். தான் எழுதிய தமிழை இத்தனை பேர் இத்தனை நேரம் நின்று படிப்பது அவர் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

கூட்டத்திலிருந்து தாயம்மா வெளியே வந்தாள். அந்தத் தோட்டத்தில் அதிகப் பால் எடுப்பவள் அவள். அதிகம் பேசுபவளும் அவள்தான்.

"கிராணி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க தாயம்மா."

"பொம்பளைங்களும் வரணுமா, ஆம்பளைங்க மட்டுந்தானா?"

"என்ன கேள்வி இது? எல்லாரும் வாங்க. குடும்பத்தோட வாங்க!"

தாயம்மா நெஞ்சில் கை வைத்தாள். "குடும்பத்தோடயா! புள்ள குட்டியக் கூடவா சண்டைக்கு அனுப்பறது?"

"என்ன சண்டை?"

"எங்க வூட்டுக்காரர வேணும்னா இப்பவே கூட்டிக்கிட்டுப் போங்க. அவர் விடற கொறட்டைக்கு எந்த எதிரியும் கிட்ட வரமாட்டான். என்னை விட்டுருங்க."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் எகிறியது. "கூலின்னா நாங்க. அப்ப கூலிப்படைன்னா நாங்க மட்டும் போய்ச் சாவணுமா? கிராணிங்க படைன்னு ஒண்ணு கெடையாதா? இது என்னா நாயம் லா?"

அப்போதுதான் ஆம்புரோஸுக்கு உறைத்தது. அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அறிவிப்பு. வரும் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு ஸ்டோரில் கூலிப்படை! அனைவரும் தவறாது வருக. இப்படிக்கு, ஆம்புரோஸ், கிராணி."

சினிமா என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. மலாய் நாட்டில், கோலா பிலாவுக்கு ஒன்பது மைல் தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் காடு. காட்டில் துப்பாக்கியோடு சர்க்காரை எதிர்க்கும் படையினர் சிலர், அவர்களைத் தேடித் துப்பாக்கியோடு சர்க்கார் ஆட்கள் பலர். மாலை ஆறு மணிக்கு மேல் குடியிருக்கும் லயத்தை விட்டு யாரும் தலை நீட்டக் கூடாது. பட்டணத்தில் இளவட்டங்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்களாம் என்று வேறு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் ஒரு கிராணி சுவரில் "கூலிப்படை" என்று எழுதி ஒட்டினால் கூலிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஆம்புரோஸ் அதை யோசிக்கவே இல்லை. அவர் மனசெல்லாம் ஒரு பாலத்தின் மேல் இருந்தது.

அந்தப் பாலம் ஓர் இங்கிலீஷ் படத்தில் வருவது. இரண்டு வாரத்துக்கு முன் ஆபீஸுக்கு மை வாங்க செரம்பான் போனவர், பகல் ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். சம்பளத்துக்குச் சண்டை போடும் ஏழு பேர் சேர்ந்து, ஒரு கொடுங்கோலனிடமிருந்து ஒரு ஊரையே மீட்கப் புறப்படுகிற கதை. பாலத்தடியில் வெடி வைத்தாயிற்று. திரி பற்றிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து இடைவேளை விட்டார்கள். கோலா பிலா போகும் கடைசிப் பஸ்ஸும் அதே நேரம்தான். ஊரடங்குக்கு முன் தோட்டம் திரும்ப வேண்டுமே! ஆம்புரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தப் பாலம் வெடிச்சிருக்குமா மார்த்தா?" என்று மனைவியிடம் கேட்டுக்கேட்டு, கடைசியில் தோட்டத்துத் துரையிடமே போய் நின்றார். தொழிலாளர்கள் இரண்டு வருஷமாகப் படம் பார்க்கவில்லை, செரம்பான் தேவதாஸின் படவண்டியை ஒருநாள் வரவழைக்கலாமா என்று கெஞ்சினார். தொழிலாளர் நலனில் கிராணிக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோன துரை, சரி என்று சொல்லிவிட்டுப் பத்து நாள் லீவில் போர்ட் டிக்சன் போய்விட்டார்.

படத்தின் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாது. ஆம்புரோஸ் அகராதியைப் புரட்டினார். "கூலிப்படை" என்றிருந்தது. எழுதிவிட்டார்.

"சினிமான்னு ஒரு வார்த்தை போட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்று மார்த்தா அப்போதே கேட்டாள்.

"உனக்கு விளம்பரம் தெரியாது. சொல்லாம விட்டாதான் கவர்ச்சி."

இப்போது அந்தக் கவர்ச்சி தொண்ணூறு பேரைப் பெரட்டுத் திடலில் கட்டிப் போட்டிருந்தது. ஆம்புரோஸ் மண்டோர் திருநாவுக்கரசைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். மண்டோருக்குக் குரல் எட்டுக்கட்டை. காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

"மண்டோரே, அது படையில்ல, படம்! படம்! எல்லார்கிட்டயும் நல்லா எடுத்துச் சொல்லுங்க."

"படமா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்ற மண்டோர், ஒரு தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! பயப்பட ஒண்ணுமில்ல! ஞாயித்துக்கெழம சும்மா படந்தான் புடிக்கறாங்க! படம் புடிச்சிட்டு அப்புறந்தான் படையில சேப்பாங்க!"

தோட்டமே அல்லோலகல்லோலப்பட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க அம்பட்டர் வீட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை. சாகப் போனாலும் படத்தில் லட்சணமாக இருக்க வேண்டுமல்லவா? இருபது பேர் மாரியம்மன் கோயிலில் முடி இறக்கிக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ரஹாங்கில் சித்தப்பா வீடு, ராசாவில் மாமியார் வீடு என்று திடீர்ச் சொந்தங்களை நினைவுபடுத்திக்கொண்டு மூட்டை கட்டின. வெட்டுக்குப் போனவர்கள் பாதிப் பேர். அவர்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார்கள்.

"இனி யாரையும் நம்ப முடியாது. நானே வெளக்கமா எழுதப் போறேன்," என்றார் ஆம்புரோஸ்.

"மொத வரியில சினிமான்னு எழுதுங்க," என்றாள் மார்த்தா.

"மொத வரியே அதுதான். போதுமா?"

எழுதவும் எழுதினார். மெழுகுத்தாளில் ஊசிப் பேனாவால் கொட்டை எழுத்தில் "மாபெரும் ஆங்கில சினிமா" என்று முதல் வரி. அதன் கீழே தன் உற்சாகத்தையெல்லாம் கொட்டினார். ஆபீஸின் அச்சுருளையில் மாட்டி ஐம்பது பிரதி சுற்றினார். முதல் பிரதியைத் தூக்கிப் பார்த்தார். அழகாக விழுந்திருந்தது. மிச்சம் நாற்பத்தொன்பதையும் பார்க்கத் தேவையில்லை என்று அப்படியே கட்டி மண்டோரிடம் கொடுத்தார்.

"ஆபீஸ் பக்கம் வராதவங்களும் பாக்கணும். மரத்துல எல்லாம் ஒட்டுங்க."

"எந்த மரம் வரைக்கும்?"

"கடைசி மரம் வரைக்கும்!"

மண்டோர் இந்த ஒரு தடவை சரியாகக் காதில் வாங்கிக்கொண்டார். ரப்பர் பால் தொட்டே ஒட்டினார். லயத்திலிருந்து ஆரம்பித்து, வெட்டுக்காடு முடிந்து நிஜக்காடு தொடங்கும் கடைசி நிரை வரைக்கும் வழியெல்லாம் ஒட்டித் தீர்த்தார்.

இரண்டாவது பிரதியிலிருந்து தாள் நழுவியிருந்தது. முதல் வரி விழவில்லை. மரங்களில் தொங்கியது இதுதான்:

"ஏழு வீரர்கள்! துப்பாக்கிகள்! வெடிகுண்டுகள்! பாலம் தூள் தூளாகப் போகிறது! ஞாயிறு மாலை மூன்று மணி, ஸ்டோர். கூலிப்படை! துணிந்தவர்கள் வருக! இப்படிக்கு, ஆம்புரோஸ், கிராணி."

சனிக்கிழமை காலை ஆபீஸ் டெலிபோன் மணி அடித்தது. ஆம்புரோஸ் எடுத்தார்.

"நான் இன்ஸ்பெக்டர் யூசோப், கோலா பிலா போலீஸ். அங்க யாரு பேசறது?"

"கிராணி, சார்."

இன்ஸ்பெக்டர் யூசோப், பஹாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் அருகில் பிறந்து வளர்ந்த மலாய்க்காரர். தமிழ் தடுக்கித் தடுக்கி வரும். ஆனால் நிற்காது.

"உங்க தோட்டத்து கேட்டுல காவல் இருக்கற கணேசமூர்த்தி ஒரு காயிதம் கொண்டு வந்து குடுத்தான். இங்கிலீசுலயும் அவனே மாத்திக் குடுத்தான். கூலி ஆர்மி! செவன் மேன்! பாலம் ஒடைக்கப் போறாங்க! எந்தப் பாலம்?"

"எங்க தோட்டத்துல பாலமே கெடையாது, சார்."

"ஓ! அப்ப வெளியில இருக்கற பாலமா? உனக்கு நல்லாத் தெரியுது லா!"

"சார், சார், அது ஒரு படம் சார்! பிக்சர்! பிக்சர் சார்!"

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"அவங்க பிக்சர் உன்கிட்ட இருக்கா? ஏழு பேர் படமும்? பகுஸ்! நல்ல ஆளு நீ! நாளைக்கு மூணு மணிக்கு நானே வர்றேன். எடுத்து வை. கேட்டியா, உன்னோட பேர் என்னா?"

"ஆம்புரோஸ், சார்."

இந்தத் தடவை காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"காயிதத்துலயும் அந்தப் பேர்தான் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. டெலிபோன் வைக்கப்பட்டது.

அந்த நாளில் சந்தேகம் ஒன்றே போதும். கோர்ட்டு இல்லை, வக்கீல் இல்லை, இரண்டு வருஷம் உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் காட்டோரம் குடையை மறந்துவிட்டு வந்த மேற்பார்வைத் தண்டல் ஒருவர், யாருக்காகக் குடை வைத்தாய் என்று கேட்கப்பட்டு, இன்னும் வீடு திரும்பவில்லை. ஆம்புரோஸ் வீட்டுக்கு ஓடினார்.

"ஏன் பதறுறீங்க?" என்றாள் மார்த்தா. "நாளைக்கு வரட்டும். படத்தப் பாக்கட்டும். சினிமான்னு தெரிஞ்சா சிரிச்சிட்டுப் போயிருவாரு."

"அதானே!" ஆம்புரோஸுக்கு உயிர் வந்தது.

மார்த்தா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, அந்த ஏழு பேரும் அதுல யாரச் சுடறாங்க?"

"சர்க்கார் பட்டாளத்த."

"அந்தப் பாலம் யாரோடது?"

ஆம்புரோஸ் மெல்லக் கீழே உட்கார்ந்தார். "சர்க்கார் பாலம்," என்றார்.

அவ்வளவுதான். மறுபடி ஆபீஸுக்கு ஓடினார். செரம்பானுக்கு டெலிபோன் போட்டு தேவதாஸைப் பிடித்தார். "தேவதாஸ், அந்தப் படம் வேணாம்! வேற ஏதாச்சும் கொண்டாங்க! துப்பாக்கி இருக்கக் கூடாது, சண்டை இருக்கக் கூடாது, பாலம் இருக்கவே கூடாது!"

"அப்படின்னா சாமி படந்தான் இருக்கு."

"தெய்வமே! அதையே கொண்டாங்க!"

அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார். விடிந்து காப்பி குடிக்கும்போது மார்த்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கூலிப்படைங்கறது ஒரு சினிமான்னு நிரூபிக்க நம்மகிட்ட இருந்தது அந்த ஒரு படந்தானே? அதையுமா வேணாம்னுட்டீங்க?"

ஆம்புரோஸ் காப்பியைப் பாதியில் வைத்தார். மறுபடி டெலிபோனுக்கு ஓடினார். படவண்டி அப்போதே செரம்பானை விட்டுக் கிளம்பியிருந்தது.

மூன்று மணிக்கு ஸ்டோர் நிரம்பி வழிந்தது. ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் போடும் பெரிய கொட்டகை அது. சன்னல்களில் கோணிச்சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். புதுச் சட்டையும் மொட்டைத் தலையுமாக ஆண்கள் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அணிவகுத்து நின்றார்கள். பெண்கள் தலை நிறையப் பூவும் கண் நிறையத் தண்ணீருமாக இருந்தார்கள். ரஹாங்குக்கு ஓடியவர்கள்கூட ஆவல் தாங்காமல் திரும்பி வந்திருந்தார்கள்.

இரண்டு லாரி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் யூசோப் பன்னிரண்டு போலீஸ்காரர்களோடு இறங்கினார். கேட்டுக் காவலாள் கணேசமூர்த்தி துப்பாக்கியைத் தூக்கி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, படை பிடிபடுவதைப் பார்க்க அவர் பின்னாலேயே ஸ்டோருக்குள் வந்துவிட்டான்.

"படம் எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதோ, சார்," என்றார் ஆம்புரோஸ். வேறு வழியில்லை. தேவதாஸ் படத்தை ஓட்டினான்.

திரையில் ஒரு பக்தர் வந்தார். உட்கார்ந்தார். பாடினார். எழுந்தார். மறுபடி பாடினார். மூன்றாவது பாட்டில் அவர் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

"இதுல யாரு கூலிப்படை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இவருகிட்டத் துப்பாக்கியே காணோமே கிராணி!" என்று கத்தினாள் தாயம்மா. "அந்த ஏழு பேரு எப்ப வருவாங்க?"

நாலாவது பாட்டுக்குச் சுருதி சேர்த்தபோது இன்ஸ்பெக்டர் எழுந்து கையைத் தூக்கினார். படம் நின்றது. கோணிச்சாக்குகளை விலக்கினார்கள். வெளிச்சம் வந்தது.

"நீ ஏழு பேர் படம்னு சொன்ன. இங்க ஒரு சாமியார் பாட்டுப் பாடறான். என்னை முட்டாள்னு நெனைச்சியா லா?"

"சார், நெசமாவே அப்படி ஒரு சினிமா இருக்கு! நான் பாத்தேன்! தேவதாஸ வேணா கேளுங்க! மாதா மேல சத்தியம்!"

"அவன் நீ கூப்பிட்ட ஆளு லா! நீயே கதைய சொல்லு. இப்பவே. முழுசா சொல்லணும். பொய் இருந்தா எனக்குத் தெரியும்."

ஆம்புரோஸ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "ஒத்தக் கண்ணு தளபதி ஒருத்தர் சார். வேலையில்லாம சுத்தறாரு. ஒரு ஊர்க்காரங்க வந்து அவர் கால்ல விழுந்து அழறாங்க. அவர் ஆள் சேக்கப் போறாரு." அந்த இடத்தில் அவருக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்த படமல்லவா! நாற்காலியின் மேல் தாவி ஏறினார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"'எவன்டா இருக்கான், உயிருக்குப் பயப்படாதவன்!' அப்படிங்கறாரு சார்! மண்டோரே, இங்க வாங்க, நீங்கதான் தளபதி! கத்துங்க!"

கத்தச் சொன்னால் மண்டோர் சும்மா இருப்பாரா? மறுபடி ஒரு தகரத்தைக் கவிழ்த்து ஏறி அவர் போட்ட சத்தத்தில் கூரை அதிர்ந்தது.

"ரெண்டாவது, வெடிகாரன். திரிய மோந்து பாத்தே எத்தனை நிமிசம் எரியும்னு சொல்லுவான். மூணாவது, சமையல்காரன். கரண்டியாலயே ஆறு பேர அடிப்பான்!"

"அது நான்!" தாயம்மா பால் கலக்கும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தாள்.

"நாலாவது, கத்தி வீசறவன். அஞ்சும் ஆறும் அண்ணன் தம்பி. பேச்சு வார்த்தை கெடையாது. ஆனா ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் தாங்குவான்!" படுக்கையும் கையுமாக நின்றவர்களில் மூன்று மொட்டைகள் தாமாகவே முன்னுக்கு வந்தன. வெடிகாரனாகத் தாயம்மாவின் புருஷனே வந்து நின்றார்.

"ஏழாவது, ஊமை. வாய் பேச மாட்டான். அவன் துப்பாக்கிதான் பேசும்!"

கணேசமூர்த்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் சின்னதாகத் தலையசைத்தார். ஊமை துப்பாக்கியோடு களத்தில் குதித்தான்.

பால் ஊற்றும் இரண்டு தோங்குப் பீப்பாய்களைக் கவிழ்த்து மேலே பலகை போட்டதும் பாலம் தயாரானது. ஆம்புரோஸ் தொண்டை கிழியக் கதை சொன்னார். குதிரை ஓட்டம் வந்தது, தொண்ணூறு பேரும் தொடையில் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்பினார்கள். துப்பாக்கிச் சூடு வந்தது, வாயாலேயே சுட்டார்கள். தாயம்மா நிஜமாகவே இரண்டு பேரை அடித்துவிட்டாள். அண்ணன் விழுந்தான், தம்பி தாங்கினான், பெண்கள் ஓவென்று அழுதார்கள். போலீஸ்காரர்கள் துப்பாக்கிகளை லாரியில் போட்டுவிட்டு உள்ளே நகர்ந்து வந்து தோள் மேல் தோள் வைத்துப் பார்த்தார்கள்.

"பாலத்துல யாரு காவல்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர், நாற்காலி நுனிக்கு வந்து.

"கொடுங்கோலன், சார்! மீசைக்காரன்! பெரிய தொப்பி!"

"யாரும் இல்லையா? நான் நிக்கறேன் லா!" அவரே எழுந்து போய்ப் பலகை மேல் ஏறி, இடுப்பில் கை வைத்து, கொடூரமாக ஒரு சிரிப்புச் சிரித்தார். கொட்டகை கைதட்டலில் ஆடியது. தோட்டத்துக்குள் முள்கம்பி வந்த பிறகு அத்தனை பேரும் ஒன்றாக உரக்கக் கத்தியது அன்றைக்குத்தான். ஆம்புரோஸுக்கும் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வெடி வச்சாச்சு சார்! திரி பத்திக்கிச்சு! எட்டு, ஏழு, ஆறு! கொடுங்கோலன் குனிஞ்சு பாக்கறான்! ஊமை குறி வைக்கறான்! அஞ்சு, நாலு! தூரத்துல கேட்டு தெறக்குது, யாரோ வர்றாங்க! மூணு, ரெண்டு!"

ஆம்புரோஸ் நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றார் இன்ஸ்பெக்டர், பாலத்தின் மேலிருந்து.

"அப்புறம்?" என்றது கொட்டகை முழுதும்.

"இடைவேளை, சார்."

"சரி, இடைவேளைக்கு அப்புறம்?"

"தெரியாது, சார். நான் பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

இன்ஸ்பெக்டர் பலகையிலிருந்து இறங்கினார். தொப்பியைச் சரிசெய்தார். முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"நல்லாதான் சொன்ன. ஆனா சினிமா பாத்தவன் எவனும் அந்த எடத்துல எந்திரிச்சுப் போக மாட்டான். இது சினிமா இல்ல. திட்டம். முடிவ நீ மறைக்கற."

"ஐயோ சார், முடிவு தெரியாமதான் சார் நான் பதினஞ்சு நாளாச் செத்துக்கிட்டு இருக்கேன்!"

"உள்ள போய் ரெண்டு வருசம் யோசி. ஞாபகம் வரும்."

ஆம்புரோஸின் ஒரு கையில் விலங்கு ஏறியது. மார்த்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பையோடு வந்தாள். "ரெண்டு சட்டை இருக்கு. சோப்பு இருக்கு," என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை எழுதச் சொன்னேனே! ஒரே ஒரு வார்த்தை!" ஆம்புரோஸ் அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது ஸ்டோர் வாசலை மறைத்துக்கொண்டு நான்கு பேர் வந்து நின்றார்கள்.

எலும்பும் தோலுமான உடம்பு. கிழிந்த பச்சைச் சட்டை. முழங்கால் வரைக்கும் காட்டுச் சேறு. நான்கு பேரும் துப்பாக்கிகளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கேட்டில் அவர்களைத் தடுக்க வேண்டிய கணேசமூர்த்தி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் ஊமையாகவே மண்டியிட்டுக்கொண்டிருந்தான்.

"இவங்கதான் இடைவேளைக்கு அப்புறம் வர்றவங்களா?" என்று கேட்டாள் தாயம்மா.

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போய் அங்கேயே நின்றது. போலீஸ்காரர்களின் துப்பாக்கிகளெல்லாம் லாரியில் இருந்தன.

முன்னால் நின்ற ஒல்லி மனிதன், தகரத்தின் மேல் நின்ற தளபதியைப் பார்த்தான். துடுப்போடு நின்ற தாயம்மாவைப் பார்த்தான். அணிவகுத்து நின்ற மொட்டைகளைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் நிறைந்தது.

"இதுல ஆம்புரோஸ் கிராணி யாருங்க?"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பி ஆம்புரோஸைப் பார்த்தார். ஆம்புரோஸின் கை தானாக உயர்ந்தது. விலங்கும் கூடவே உயர்ந்தது.

ஒல்லி மனிதன் துப்பாக்கியை அவர் காலடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்துச் சொன்னான்:

"நாங்க காட்டுல இருக்கற படையில மூணு வருசமா கூலிங்கற பேச்சே கெடையாதுங்க, இங்க கூலிப்படைன்னு மரத்துல ஒட்டியிருந்ததப் பாத்துட்டு ஓடி வந்தோம், எங்களையும் சேத்துக்குங்க!"